ரன்னருக்கு எத்தனை, வினாடி வினாவுக்கு எத்தனை: மினி கேம்களின் புள்ளிகளைச் சமன்செய்வது

ஒரு விளம்பரக் கேம்பெயினில் ஐந்து மினி கேம்கள் என்று வைத்துக்கொள்வோம். தடை தாண்டி ஓடும் ரன்னர், ஜோடி சேர்க்கும் மெமரி கேம், பத்துக் கேள்வி வினாடி வினா, மேலிருந்து விழுவதைக் கூடையில் பிடிக்கும் கேட்ச் கேம், கூடவே ஒரு சுழல் சக்கரம். ஐந்துக்கும் சேர்த்து ஒரே லீடர்போர்டு, அதாவது ஆடியவர்களைப் புள்ளி வரிசையில் காட்டும் பட்டியல். ரன்னரில் அசத்தலான ஓர் ஆட்டம் 6,000 காட்டும். வினாடி வினாவில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் 10தான். இதைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது, "வினாடி வினாவை 600-ஆல் பெருக்கிவிட்டால் சரியாகிவிடுமே" என்பது. அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

பெருக்கிப் பாருங்கள். வினாடி வினா ஆடியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் 6 எடுத்திருப்பார் என்று கொண்டால், அவருக்குக் கிடைப்பது 3,600. ரன்னரில் நடுவில் நிற்பவரின் ஸ்கோர் 900. நூற்றில் தொண்ணூறு பேரைத் தாண்டியவருக்கே 3,000தான். அதாவது வினாடி வினாவில் சுமாராக ஆடியவர், ரன்னரில் கெட்டிக்காரரைவிட மேலே போய்விடுகிறார். சரி, உச்சத்தை விட்டுவிட்டு நடு ஸ்கோர்களைப் பொருத்தலாம் என்று 150-ஆல் பெருக்கினால், வினாடி வினாவின் முழு மதிப்பெண் 1,500-இல் முடிந்துவிடும். ரன்னரில் ஏறக்குறைய மூன்றில் ஓர் ஆட்டம் அதைத் தாண்டும். லீடர்போர்டின் மேல்பாதி முழுக்க ரன்னர் ஆட்களாக நிறையும். ஒரே ஒரு பெருக்கெண்ணால் ஒரே ஓர் இடத்தைத்தான் பொருத்த முடியும். மற்ற இடமெல்லாம் பிதுங்கும்.

காரணம், கேமுக்குக் கேம் ஸ்கோர்கள் பரவியிருக்கும் விதமே வேறு. ரன்னரில் ஒவ்வொரு விநாடியும் இடித்துக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரே அளவு என்றால், ஸ்கோர்கள் நீண்ட வாலோடு பரவும், அதாவது சிலருடைய ஸ்கோர் மட்டும் நடுவைவிடப் பல மடங்கு மேலே போகும். கணக்குப்படி 90-வது பெர்சென்டைல் (நூற்றில் தொண்ணூறு பேரைத் தாண்டும் ஸ்கோர்) நடு ஸ்கோரைப்போல் 3.3 மடங்கும், 99-வது 6.6 மடங்கும் வரும். வேகம் கூடிக்கொண்டே போகும் ரன்னரில் வால் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். வினாடி வினாவுக்கு மேலே கூரை இருக்கிறது. நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் 9, 10 என்று அங்கேயே குவிவார்கள். மெமரி கேம் தலைகீழ்: விநாடி குறைந்தால்தான் நல்லது, ஆனால் கை வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. கேட்ச் கேமில் மொத்தம் எத்தனை பொருள் விழுகிறதோ அதுதான் கூரை. சுழல் சக்கரத்தில் திறமைக்கு இடமே இல்லை.

விளையாட்டு உலகம் இதை எப்போதோ சந்தித்துவிட்டது

தடகளத்தில் டெகத்லான், அதாவது பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்யும் பந்தயம், இதே சிக்கலின் பெரிய அண்ணன். ஓட்டத்தின் விநாடியையும் நீளம் தாண்டுதலின் சென்டிமீட்டரையும் ஒரே கூட்டலுக்குள் கொண்டுவர வேண்டும். 1985 முதல் பயன்பாட்டில் உள்ள அட்டவணையில் ஒவ்வொரு போட்டிக்கும் தனிச் சூத்திரம். 100 மீட்டருக்கு: 18-இலிருந்து ஓடிய விநாடியைக் கழித்து, அதை 1.81 அடுக்குக்கு உயர்த்தி, 25.4347-ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட வேண்டும். 12.00 விநாடிக்கு 651 புள்ளி, 11.00-க்கு 861, 10.00-க்கு 1,096. முதல் விநாடியைக் குறைத்ததற்கு 210 கிடைக்கிறது, அடுத்த விநாடிக்கு 235. மேலே போகப் போக முன்னேறுவது கடினம் என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மாற்றம் கேமுக்கு வெளியே நடக்கிறது. ஓட்டப்பந்தயத்தின் விதியை யாரும் தொடவில்லை, விநாடியைப் புள்ளியாக்கும் அட்டவணைதான் வேலை செய்கிறது. இரண்டு, ஒருவருடைய புள்ளி அவருடைய ஆட்டத்தை மட்டுமே பொறுத்தது. பக்கத்து ஓடுபாதையில் யார் ஓடினார் என்பது அதை மாற்றாது.

இரண்டாவதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸின் ஸ்போர்ட் கிளைம்பிங் போட்டியைப் பார்க்கலாம். 2021-இல் நடந்த அந்தப் போட்டியில் வேகம், போல்டரிங் (கயிறில்லாமல் குட்டைச் சுவர்), லீட் (கயிற்றோடு உயரமான சுவர்) என்ற மூன்று பிரிவிலும் எடுத்த இடங்களைப் பெருக்கினார்கள். பெருக்குத்தொகை குறைந்தவருக்கு வெற்றி. ஆண்கள் இறுதியில் ஆல்பெர்ட்டோ கினெஸ் லோபெஸ் 1×7×4 = 28 எடுத்துத் தங்கம் வென்றார். ஆடம் ஓண்ட்ராவுக்கு 4×6×2 = 48, ஆறாவது இடம். லீட் பிரிவில் யாக்கோப் ஷூபர்ட் மட்டும் ஓண்ட்ராவை முந்தாமல் இருந்திருந்தால் 4×6×1 = 24 ஆகி, ஓண்ட்ராவுக்கே தங்கம். வேறொருவர் ஏறிய உயரம் ஒருவரை முதலிடத்திலிருந்து ஆறாவது இடத்துக்குத் தள்ளிவிட்டது. 2024 பாரிஸில் வேகத்தைத் தனிப் பதக்கமாகப் பிரித்து, மற்ற இரண்டுக்கும் தலா 100 புள்ளி வைத்துக் கூட்டினார்கள்.

கேம்பெயினில் "அந்த நேரத்து ரேங்கைப் பொறுத்துப் புள்ளி" என்று வைப்பவர்கள் இதே குழியில்தான் விழுகிறார்கள். காலையில் 180 புள்ளி காட்டியது, மாலையில் 140 ஆகிவிடும். ஆடியவர் ஒன்றுமே செய்யவில்லை, மற்றவர்கள் ஆடியிருக்கிறார்கள். இதை வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்து விளக்கிப் புரியவைக்கவே முடியாது. பெர்சென்டைலைப் பயன்படுத்துங்கள், ஆனால் அட்டவணை தயாரிக்க மட்டும். தயாரானதும் அதை உறைய வைத்துவிடுங்கள்.

மாற்று அட்டவணை

நான் பரிந்துரைப்பது டெகத்லான் மாதிரிச் சூத்திரத்தை அல்ல, நான்கு நங்கூரப் புள்ளிகளை. சூத்திரம் அழகாக இருக்கும், ஆனால் அதை மார்க்கெட்டிங் குழு சரிபார்க்க முடியாது. நான்கு வரி அட்டவணையை யாரும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம்.

எல்லாக் கேமுக்கும் பொது விதி: 10-வது பெர்சென்டைலுக்கு 40 புள்ளி, நடு ஸ்கோருக்கு 100, 90-வதுக்கு 200, 99-வதுக்கு 300. இடைப்பட்ட ஸ்கோர்களுக்கு நேர்கோட்டில் பிரித்துக்கொள்ள வேண்டும். ரன்னரின் நங்கூரங்கள் 140, 900, 3,000, 6,000 என்று வந்திருந்தால், 1,740 எடுத்தவருக்கு: 900-ஐத் தாண்டியது 840, அந்தப் படியின் அகலம் 2,100, ஆகவே 100 + 40 = 140 புள்ளி. மெமரியில் நங்கூரங்கள் 78, 46, 31, 24 விநாடி என்றால், 37 விநாடியில் முடித்தவருக்கு 100 + (9 ÷ 15 × 100) = 160. கீழே எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஆட்டத்தை முடித்தவருக்கு 10 புள்ளி கொடுத்துவிடுங்கள். பூஜ்யம் பார்த்தவர் திரும்பி வருவதில்லை. மேலே 330-இல் கூரை போடுங்கள். 99-வதுக்கு மேலே இருப்பவர்கள் இரண்டே வகை: அபாரமாக ஆடுபவர்கள், ஏமாற்றுபவர்கள். இருவருக்குமே அளவில்லாமல் புள்ளி தரத் தேவையில்லை.

டெகத்லானில் உச்சத்துக்குப் போகப் போக மதிப்பு கூடுகிறது, இங்கே ஏன் மட்டுப்படுத்துகிறோம் என்று கேட்கலாம். டெகத்லான் சிறந்தவரைக் கண்டுபிடிக்க நடக்கிறது. கேம்பெயின் நடப்பது பத்தாயிரம் பேர் நாளைக்கும் வர வேண்டும் என்பதற்காக. நடுவில் இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் இடையில் மூன்று மடங்கு தூரம் இருந்தால் "எட்டிப் பிடிக்கலாம்" என்று தோன்றும், இருபது மடங்கு இருந்தால் தோன்றாது. கேமின் திரையில் மூல ஸ்கோரைப் பெரிதாகவே காட்டுங்கள். "1,740 மீட்டர்! உங்களுக்கு 140 புள்ளிகள்" என்று இரண்டையும் பக்கத்தில் போட்டால் யாரும் குழம்புவதில்லை. தசமம் மட்டும் வேண்டாம்.

வினாடி வினாவுக்குத் தனிக் கவனம் தேவை. பத்துக் கேள்வியில் மொத்தமே பதினோரு ஸ்கோர்கள்தான் சாத்தியம். 9 சரியானால் 200, 10 சரியானால் 300 என்று வைத்தால் ஒரே கேள்வி 100 புள்ளியைத் தூக்கிப் போடும். அதனால் மூல ஸ்கோரையே முதலில் நுணுக்கமாக்க வேண்டும்: சரியான ஒவ்வொரு விடைக்கும் 100, மீதமிருக்கும் நேரத்துக்கேற்ப 50 வரை கூடுதல். இப்போது உச்சம் 1,500, நடுவில் நூற்றுக்கணக்கான படிகள். இன்னொன்று: நான்கு விருப்பங்கள் உள்ள கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் சராசரியாக 2.5 சரியாகும். அட்டவணையின் 40 புள்ளி அந்த மட்டத்துக்கு மேலே தொடங்க வேண்டும். வேகத்துக்குக் கூடுதல் புள்ளி என்றால் கண்மூடி அழுத்துபவருக்கு அதுவும் சாதகம், ஆகவே முதல் இரண்டு விநாடிக்குள் வரும் விடைகளுக்கு வேக போனஸில் மேலும் ஏற்றம் இருக்கக் கூடாது.

நங்கூரங்களுக்கு எண்கள் எங்கிருந்து வரும்?

அலுவலகத்து ஆட்களிடமிருந்து வரக் கூடாது. கேமைக் கட்டியவர்கள் ஒரு மாதமாக அதையே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய நடு ஸ்கோர் வெளியாட்களின் 95-வது பெர்சென்டைலாக இருக்கும். கேமைப் பார்த்தே இராத முப்பது, நாற்பது பேரை ஆட வைத்து, ஒவ்வொருவரின் முதல் மூன்று ஆட்டங்களை மட்டும் எடுங்கள். இது நடு ஸ்கோருக்கும் 10-வதுக்கும் போதும், 90-வது தோராயமாகத் தெரியும். 99-வதுக்கு இது பயன்படாது. நூறு ஆட்டத்தில் 99-வது பெர்சென்டைல் என்பது ஒரே ஒருவரின் ஒரே ஓர் அதிர்ஷ்டம். அந்த நங்கூரம் நிலைக்கச் சில ஆயிரம் ஆட்டங்களாவது வேண்டும். ஆகவே முழு வெளியீட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் திறந்து விடுவது நல்லது. அந்த நாட்களில் லீடர்போர்டு வேண்டாம். மூல ஸ்கோர் மட்டும் காட்டுங்கள், அட்டவணை தயாரானதும் அவர்களுக்கும் கணக்கிட்டுக் கொடுத்துவிடலாம்.

இங்கே ஒரு நுட்பமான பொறி. வினாடி வினாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அதில் கெட்டிக்காரர்கள். ரன்னரை எல்லோரும் ஒரு கை பார்க்கிறார்கள். ஆகவே வினாடி வினாவின் நடு ஸ்கோர் என்பது கெட்டிக்காரர்களில் நடு, ரன்னரின் நடு ஸ்கோர் பொதுமக்களில் நடு. இரண்டுக்கும் 100 புள்ளி கொடுத்தால் வினாடி வினாக்காரர்களுக்கு அநியாயம் செய்கிறோம். இதற்கு வழி, எல்லாக் கேமையும் குறைந்தது மூன்று முறை ஆடியவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அந்த ஒரே கூட்டத்தின் ஸ்கோர்களிலிருந்து நங்கூரங்களைப் போடுவது. ஆள் குறையும், ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். சோதனைக் கட்டத்தில் எல்லாக் கேமையும் ஆடியவருக்கு ஒரு சிறு கூப்பன் கொடுத்தால் இந்தக் கூட்டம் தானாகவே சேரும்.

எதை எண்ணுகிறோம் என்பதே பாதிச் சமன்பாடு

அட்டவணை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், "இன்றைய ஆட்டங்களில் சிறந்தது மட்டும் கணக்கில் வரும்" என்ற ஒரு வரி அதைக் கவிழ்த்துவிடும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அட்டவணைக்கு வாரக்கணக்கில் மெனக்கெடும் குழுக்கள்கூட இந்த விதியைக் கடைசி நாளில் போகிற போக்கில் முடிவு செய்துவிடுகின்றன.

ஒரே ஆள் ஒரே கேமைத் திரும்பத் திரும்ப ஆடும்போது ஸ்கோர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். ரன்னரில் ஒரு முறை 80 புள்ளி, அடுத்த முறை 210. வினாடி வினாவில் தெரிந்தது தெரியும், தெரியாதது தெரியாது. 95, 110, 105 என்றே வரும். ஏற்ற இறக்கம் மணிவடிவப் பரவலை ஒட்டியிருந்தால், மூன்று ஆட்டங்களில் சிறந்தது சராசரியைவிட 0.85 திட்டவிலக்கம் (ஸ்கோர்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) மேலே இருக்கும். ஐந்தில் சிறந்தது 1.16, பத்தில் சிறந்தது 1.54. ரன்னரில் ஒருவரின் திட்டவிலக்கம் 60 புள்ளி, வினாடி வினாவில் 20 என்று கொள்ளுங்கள். ஐந்து முறை ஆடினால் ரன்னர் சும்மாவே 70 புள்ளி ஏற்றிக் கொடுக்கும், வினாடி வினா 23தான் தரும். பத்து முறை என்றால் 92-உம் 31-உம். ஒற்றை ஆட்டத்துக்குச் சமமாக இருந்த இரண்டு கேம்கள், எண்ணும் விதியால் 60 புள்ளி விலகிப் போய்விட்டன. ஆட்டக்காரர்களுக்குத் திட்டவிலக்கம் தெரியாவிட்டாலும் "ரன்னரைத் திரும்பத் திரும்ப ஆடினால் லாபம்" என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

தீர்வு எளிது. எதை எண்ணப் போகிறீர்களோ அதிலிருந்தே நங்கூரம் போடுங்கள். நாளுக்கு மூன்று ஆட்டங்களில் சிறந்தது கணக்கு என்றால், தனி ஆட்டங்களின் பெர்சென்டைலை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஆளின் மூன்றில் சிறந்ததை எடுத்து, அந்தப் பட்டியலின் பெர்சென்டைலை எடுக்க வேண்டும். கணக்கில் வரும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் வேண்டும். நாளுக்கு ஒரு கேமுக்கு மூன்று என்பது என் தேர்வு. அதற்கு மேல் பயிற்சியாக எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும், புள்ளி கிடையாது. வரம்பில்லாமல் விட்டு எல்லா ஆட்டத்தையும் கூட்டினால், முதலிடம் கைத்திறமைக்குப் போகாது, அன்றைக்கு வேலைவெட்டி இல்லாதவருக்குப் போகும்.

அடுத்தது நேரம். ரன்னரின் நடு ஆட்டம் 40 விநாடி, தொடங்கவும் முடிவுத் திரைக்கும் 10. வினாடி வினாவுக்கு 90, கூடுதலாக 15. இரண்டுக்கும் 100 புள்ளி என்றால் நிமிடத்துக்கு 120-உம் 57-உம். ஆட்ட வரம்பு இருக்கும்போது இது பெரிய ஓட்டையாகாது. ஆனாலும் நீளமான கேமை ஜனங்கள் மெல்ல ஒதுக்குவார்கள். முழு நேர விகிதத்தில் 210 புள்ளி கொடுத்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும், வினாடி வினா தெரியாதவர்களுக்கு வாய்ப்பே இருக்காது. நேர விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுப்பது ஒரு நடைமுறைச் சமரசம்: 105 ÷ 50 = 2.1, வர்க்கமூலம் 1.45, ஆக வினாடி வினாவின் நடு ஆட்டத்துக்கு 145. இதற்குப் பின்னால் ஆழமான கோட்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் முழுதாகச் சாயாமல் இருப்பதே இதன் தகுதி.

எல்லாக் கேமின் புள்ளிகளையும் எப்படிச் சேர்ப்பது? கூட்டுங்கள். பெருக்க வேண்டாம், ஒரு கேமில் சொதப்பினால் முழு நாளும் போய்விடும். பலதரப்பட்ட கேம்களை ஆட வைக்க வேண்டுமென்றால், மூன்று வெவ்வேறு கேம் ஆடியவருக்கு 50 புள்ளி போனஸ் போதும். அந்த போனஸ் ஒரு நடு ஆட்டத்தின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஜனங்கள் பிடிக்காத கேமைத் திறந்து, ஒரு நொடியில் செத்து, போனஸை வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு வாரக் கேம்பெயின் என்றால் பதினான்கு நாளில் சிறந்த பத்து நாள் மட்டும் கணக்கு என்று வையுங்கள். நான்காம் நாள் வந்து சேர்ந்தவருக்கும் அப்போதுதான் ஆடக் காரணம் இருக்கும்.

சக்கரம்

சுழல் சக்கரத்தை லீடர்போர்டில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மாதிரிச் சக்கரம்: 40 சதவீத வாய்ப்பில் 20 புள்ளி, 30-இல் 50, 20-இல் 100, 9-இல் 200, 1-இல் 1,000. சராசரி 71, பார்க்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டவிலக்கம் 107. அந்த ஏற்ற இறக்கத்தின் மாறுபாட்டில் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) நான்கில் மூன்று பங்கு அந்த ஒற்றை 1,000-இலிருந்தே வருகிறது. ஆயிரம் பேர் சுற்றினால் பத்துப் பேருக்குத் தினமும் மூன்று உச்ச ஆட்டங்களின் மதிப்பு சும்மா கிடைக்கும். பத்து நாள் கஷ்டப்பட்டு ஆடியவரை அது தாண்டிப் போகும்போது அவர் லீடர்போர்டையே நம்ப மாட்டார். சக்கரத்தின் பரிசைக் கூப்பனாகவோ, கூடுதலாக ஓர் ஆட்ட வாய்ப்பாகவோ தந்துவிடுங்கள். பணம் கட்டினால்தான் சுற்றலாம் என்றால் பல நாடுகளில் அது லாட்டரிச் சட்டத்துக்குள் வந்துவிடும், வடிவமைக்கும்போதே வக்கீலிடம் காட்டுவது நல்லது.

அதே காரணத்துக்காகத்தான் நண்பரை அழைத்தல், பகிர்தல், சர்வே நிரப்புதல் ஆகியவற்றுக்கான புள்ளிகளையும் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறேன். ஒரு நண்பருக்கு 500 புள்ளி, ஓர் ஆட்டத்துக்கு 100 என்று வைத்துவிட்டுக் கேம்களைச் சமன்செய்வதில் அர்த்தமில்லை. போட்டி அங்கே போலிக் கணக்கு திறப்பதில்தான் நடக்கும். தவிர்க்கவே முடியாதென்றால், கேமுக்கு வெளியிலிருந்து வரும் புள்ளிகள் ஒருவரின் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதபடி வரம்பு போடுங்கள். கூப்பன் வாங்கச் செலவழிக்கும் நாணயமும் ரேங்க் புள்ளியும் வேறு வேறாக இருக்க வேண்டும். 8,000 பேர் தினமும் 220 வீதம் 14 நாள் சேர்த்தால் இரண்டு கோடியே 46 லட்சத்து 40 ஆயிரம் புள்ளி வெளியே போகும். 300 புள்ளிக்கு ஒரு கூப்பன் என்று விற்றால் 82,000 கூப்பன்கள். நிதிப் பிரிவு இந்த எண்ணை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

கையிலிருக்கும் போனும் ஸ்கோரை மாற்றும்

பிரவுசரில் ஓடும் கேம்களில் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பொருட்களைக் குறிப்பிட்ட பிக்சல் நகர்த்தும்படி எழுதியிருந்தால், 120 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில், கேம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 60 ஹெர்ட்ஸ் போன் வைத்திருப்பவர் நிதானமாகத் தாண்டுகிறார், புதுப் போன்காரர் மூன்றாம் தடையிலேயே விழுகிறார். கேட்ச் கேமில் இதே கோளாறு எதிர்த்திசையிலும் போகும்: அதே நேரத்தில் இரண்டு மடங்கு பொருள் விழும், ஸ்கோர் எகிறும். கழிந்த நேரத்தைக் கொண்டு நகர்வைக் கணக்கிட வேண்டும். இன்னும் நல்லது, கேமின் உள்கணக்கை விநாடிக்கு 60 என்று நிலையான படியில் ஓட்டி, வரைவதை மட்டும் திரைக்கு விட்டுவிடுவது. பழைய போன் திணறும்போது கேமே மெதுவாகிவிட்டால் அது தடை தாண்ட வசதியான சலுகையாகிவிடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையின் அகலம் இன்னொன்று. கம்ப்யூட்டரில் ஆடுபவருக்கு அடுத்த தடை முன்கூட்டியே தெரிந்தால் அவருக்கு எதிர்வினை நேரம் கூடுதல். எல்லாத் திரையிலும் ஒரே விகிதத்தில் ஆடுகளத்தைக் காட்டி, மிச்சத்தை ஓரப் படத்தால் நிரப்புங்கள். மெமரி கேமில் கார்டு திரும்பும் அனிமேஷனின் நேரத்தை ஆட்ட நேரத்தில் சேர்க்காதீர்கள். பிறகு போன், டேப்லெட், கம்ப்யூட்டர் என்று பிரித்து நடு ஸ்கோரைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேமைச் சரிசெய்ய வேண்டும். கருவிக்குத் தனி அட்டவணை போட்டு ஒப்பேற்றினால், யார் எந்தக் கருவி என்று பொய் சொல்வது அடுத்த விளையாட்டாகிவிடும்.

ஏமாற்று பற்றிச் சுருக்கமாக: ஸ்கோரைப் பிரவுசர் அனுப்பினால் அது வெறும் கோரிக்கை, உண்மை அல்ல. ஆட்டம் தொடங்கும்போது சர்வர் ஒரு டோக்கனும் (அந்த ஆட்டத்துக்கான தனி அடையாளக் குறி) தொடக்க நேரமும் பதிய வேண்டும். ஸ்கோர் வரும்போது "இத்தனை விநாடியில் இவ்வளவு சாத்தியமா" என்று பார்க்க வேண்டும். ரன்னரில் விநாடிக்கு அதிகபட்சம் 25 என்றால் 40 விநாடியில் 1,000-க்கு மேல் வரவே முடியாது. வினாடி வினாவின் விடைகளை பிரவுசருக்கு அனுப்பவே கூடாது, ஒவ்வொரு கேள்வியின் நேரத்தையும் சர்வரே அளக்க வேண்டும். மூல ஸ்கோரைப் புள்ளியாக மாற்றுவது முழுக்கச் சர்வரில்தான்.

போகப் போக நகரும் எண்கள்

வினாடி வினா வேகமாகத் தேய்கிறது. 60 கேள்விகள் உள்ள தொகுப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் பத்தை எடுத்தால், ஐந்து முறை ஆடியவருக்கு ஆறாவது ஆட்டத்தில் பத்தில் ஆறு ஏற்கெனவே பார்த்த கேள்விகள். நாளுக்கு மூன்று ஆட்டம் என்றால் இது இரண்டாம் நாளே நடக்கும். இரண்டு வாரத்துக்குச் சில நூறு கேள்விகளாவது வேண்டும், இல்லையேல் வினாடி வினாவை நாளுக்கு ஒரு முறை என்று குறைத்து, எல்லோருக்கும் அன்றைக்கான ஒரே பத்தைக் கொடுத்து, நங்கூரத்தை அந்த ஒற்றை ஆட்டத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ரன்னரில் கைப்பழக்கம் வந்து நடு ஸ்கோர் மெல்ல ஏறும். அது இயல்பு, ஆடியதற்கான பலன் அது. அதைத் துரத்திக்கொண்டு அட்டவணையை இறுக்க வேண்டாம்.

தினமும் பார்க்க வேண்டிய ஒரே விகிதம்: ஒரு கேமின் புள்ளிப் பங்கை அதன் ஆட்டப் பங்கால் வகுத்தது. மொத்த ஆட்டங்களில் 22 சதவீதமே நடந்த கேட்ச் கேம், மொத்தப் புள்ளியில் 41 சதவீதத்தைக் கொடுத்திருந்தால் விகிதம் 1.86, ஏதோ உடைந்திருக்கிறது. நேரத்துக்காகக் கூட்டிக் கொடுத்த வினாடி வினா போன்றவற்றில் அந்த எடையால் முதலில் வகுத்துவிட்டு, 0.75-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் விட்டுவிடுவேன். அதோடு முதல் நூறு பேரின் புள்ளி எந்தக் கேமிலிருந்து வந்தது என்பதையும் தனியாகப் பாருங்கள். மொத்தத்தில் நன்றாகத் தெரியும் சமநிலை உச்சியில் குலைந்திருக்கலாம்.

நடுவில் அட்டவணையைத் திருத்த வேண்டிவந்தால், வாரம் மாறும் நள்ளிரவில் மட்டும் திருத்துங்கள், முன்கூட்டியே அறிவியுங்கள், கொடுத்த புள்ளியைத் திரும்ப எடுக்காதீர்கள். இது சாத்தியமாக, மூல ஸ்கோர், ஆட்ட நேரம், எந்தப் பதிப்பு அட்டவணை, கிடைத்த புள்ளி ஆகிய நான்கையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சேமித்திருக்க வேண்டும். புள்ளியை மட்டும் சேமித்தவர்களால் தவறு எங்கே நடந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

சமநிலைக்கு வரும் இருவரை எப்படிப் பிரிப்பது என்பதையும் விதிகளில் முதல் நாளே எழுதிவிடுங்கள். அந்தப் புள்ளியை முதலில் எட்டியவர் மேலே என்பது வழக்கம், ஆனால் அது கடைசி நாளில் ஆடுபவருக்குப் பாதகம். அதிக வகைக் கேம்களில் 100-ஐத் தாண்டியவர் மேலே, அதுவும் சமமென்றால் முதலில் எட்டியவர் என்று இரண்டு படியாக வைக்கலாம். முடியும் நேரத்தை நேர மண்டலத்தோடு குறிப்பிடுங்கள்; அந்த நேரத்துக்கு முன் தொடங்கி பின்னால் முடிந்த ஆட்டம் செல்லுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். தொடங்கிய நேரம்தான் கணக்கு என்று வைத்தால் சர்வரில் டோக்கனோடு பதிந்த நேரமே போதும், வாதத்துக்கு இடமிருக்காது. பரிசுப் பட்டியலை அன்றே வெளியிடாமல், முதல் ஐம்பது பேரின் ஆட்டப் பதிவுகளைக் கையால் பார்த்து முடிக்க இரண்டு வேலை நாள் ஒதுக்குங்கள்.